கண்டதும் கருதியதும்: வானியலறிஞர் போக்சன்

நுழையும்முன்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் வாழ்வோர்க்கு இரவு வானில் ஒளி சிதறுவது புதிதன்று. வாணம் ஒன்று சீறி எழுவதையும் வண்ணப் பொறிகளாக விரிவதையும் அவர்கள் சிறுவயது முதலே கண்டு பழகியவர்கள். அதே வானில், எவரும் கொளுத்தாத ஓர் ஒளிப்பிழம்பு விரைந்தோடி மறைவதும் உண்டு. அதைக் கண்டவர் பலராக இருப்பர். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு ஒளியுடன் அது தோன்றியது என்று திருத்தமாகச் சொல்லக்கூடியவர் சிலரே. வானில் கண்டதைக் கண்டவாறே பதிவு செய்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, 30 ஆண்டுகள் சென்னையில் உழைத்த நார்மன் இராபர்ட் போக்சனின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புலவர் கண்ட எரிமீன்

வானில் எரிமீன் வீழ்வதைக் கண்டு பதிவு செய்யும் மரபு தமிழருக்குப் பழமையானது. புறநானூற்றின் 229ஆம் பாடலைப் பாடிய கூடலூர் கிழார், பங்குனித் திங்களின் ஒரு நள்ளிரவில் எரிமீன் ஒன்று வீழ்ந்ததைக் கண்டார். அவ்வேளையில் உத்தரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, மூலம் எழுந்தது, மிருகசீரிடம் மேற்கே படிந்தது என உரைகாரர் விளக்குவர். கிழக்குமன்றி வடக்குமன்றி இரண்டிற்கும் இடைப்பட்ட திசையில் அது தீப்பரப்பி வீழ்ந்தது என்பதையும் புலவர் குறிக்கிறார். மாதம், நேரம், திசை, ஒளி ஆகிய நான்கும் அமைந்த இப்பாடலை ஒரு நேர்த்தியான வானியல் குறிப்பு எனலாம்.

அந்நிகழ்ச்சியைத் தம் மன்னனுக்கு நேரவிருக்கும் தீங்கின் அறிகுறி என்று புலவர் அஞ்சினார். ஏழாம் நாளில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை உயிர் நீத்தான். எரிமீனுக்கும் மன்னனின் இறப்புக்கும் தொடர்பில்லை என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் புலவர் தந்த நேரமும் திசையும் பொய்யாகிவிடவில்லை. அவர் கருதியது காலத்தோடு கழிந்தது. கண்டது நிலைத்து நின்றது. போக்சனின் வாழ்விலும் இவ்வேறுபாடு ஒரு முறை பெரிதாக வெளிப்பட்டது.

கணக்கில் தேர்ந்த இளைஞர்

போக்சன் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1829ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் காலுறை உற்பத்தியாளர். மகனின் மனமோ கணக்கிலும் வானியலிலும் சென்றது. 18 வயதிலேயே இரண்டு வால்மீன்களின் சுற்றுப்பாதைகளைக் கணக்கிட்டு வானியலாரின் கவனத்தைப் பெற்றார். இலண்டனிலிருந்த தனியார் வானாய்வகம் ஒன்றில் பயிற்சி பெற்றபின், ஆக்சுபோர்டு நகரின் இராட்கிளிப் வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியேற்றார். அங்கு 1856ஆம் ஆண்டு ஐசிசு என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்காகப் பிரான்சு நாட்டின் இலாலாண்டு பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

ஒளிக்கு ஓர் அளவுகோல்

அதே ஆண்டில் போக்சன் முன்மொழிந்த ஒரு கருத்து, அவர் கண்ட சிறுகோள்களைக் காட்டிலும் நெடிய பயன் தந்தது. விண்மீன்களை அவற்றின் ஒளிக்கேற்ப ஆறு தரங்களாகப் பிரிப்பது பண்டைக் கிரேக்கர் வழக்கம். மிகுந்த ஒளியுடையவை முதல் தரம். கண்ணுக்கு அரிதில் புலப்படுபவை ஆறாம் தரம். எண் கூடக் கூட ஒளி குறையும். ஆனால் ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே ஒளி எத்தனை மடங்கு வேறுபடுகிறது என்பதில் ஒருமித்த வரையறை இல்லை. ஒருவர் மூன்றாம் தரம் என்று குறித்ததை மற்றொருவர் நான்காம் தரம் என்று குறிக்க நேர்ந்தது.

முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளியுடையது என்று வரையறுத்துக்கொள்ளலாம் என்றார் போக்சன். அவ்வாறாயின் ஒவ்வொரு தரத்திற்கும் இடையே ஒளி ஏறத்தாழ 2.512 மடங்கு வேறுபடும். இவ்வெண்ணை ஐந்து முறை தன்னோடு தானே பெருக்கினால் 100 கிடைக்கும். இவ்விகிதம் இன்று போக்சன் விகிதம் எனப்படுகிறது. உலகெங்கும் வானியலார் இதனையே பின்பற்றுகின்றனர்.

எரிமீனின் ஒளியைக் குறிப்பதும் இவ்வளவுகோலால்தான். மிகுந்த ஒளியுடைய பொருள்களுக்குத் தரம் சுழியத்திற்கும் கீழே செல்லும். வெள்ளிக் கோளின் ஒளித்தரம் ஏறத்தாழ −4. முழுநிலவின் ஒளித்தரம் ஏறத்தாழ −12.7. வெள்ளியைவிட ஒளிமிக்க எரிமீனைத் தீக்கோளம் என்பர். வெள்ளிக்கு இணையாக ஒளிரும் ஓர் எரிமீன், முதல் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளியுடையது. மிகப் பெரிய ஒளி என்று ஒருவர் வியப்பதைப் பிறர் ஒப்பிட்டறியத்தக்க எண்ணாக மாற்றித் தந்ததே போக்சனின் தொண்டு.

நுங்கம்பாக்கத்தில் 30 ஆண்டுகள்

சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர் பொறுப்பை ஏற்ற போக்சன், 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு எழுந்த அவ்வானாய்வகம் அப்போதே பழம்பெருமை உடையதாக இருந்தது. வந்த சில வாரங்களில், ஏப்பிரல் மாதத்தில், சிறுகோள் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். தொடர்ந்து சாப்போ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டார். அவர் கண்டறிந்த எட்டுச் சிறுகோள்களுள் ஐந்து சென்னை வானம் தந்தவை.

ஆய்வகப் பணிகளில் அவருக்குத் துணைநின்றவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பல்லாண்டுகள் அங்குப் பணியாற்றிய அவர், 1867ஆம் ஆண்டு ரெட்டிகுலம் என்னும் விண்மீன் குழுவில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் கதிரவனைக் கடக்கவிருந்தபோது, அதனைப் பொதுமக்கள் அறிந்துகொள்ளும் வண்ணம் இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். வானியல் என்பது ஆய்வகச் சுவருக்குள் அடங்கியிருக்கக் கூடாது என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியிருந்தது.

போக்சனின் மகள் ஐசிசு போக்சனும் தந்தையின் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1869ஆம் ஆண்டு தாயை இழந்தபின் குடும்பப் பொறுப்பையும் அவரே சுமந்தார். பின்னர்ச் சென்னை மாகாணத்தின் வானிலைத் துறைப் பொறுப்பையும் ஏற்றார். 1886ஆம் ஆண்டு தந்தையார் அவரை அரச வானியல் கழகத்தின் உறுப்புரிமைக்கு முன்மொழிந்தார். கழகத்தின் சாசனத்தில் ஆண்பாற் சொல்லே உள்ளது என்னும் காரணத்தால் அம்முயற்சி கைகூடவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1920இல்தான் ஐசிசு போக்சன் அக்கழகத்தின் உறுப்பினரானார்.

தெரிந்து தெளிவோம்

சென்னை வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் பொறிக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. சென்னையின் வானியல் ஆய்வுப் பணி 1899ஆம் ஆண்டு கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது.

மஞ்சள் கோடு

1868ஆம் ஆண்டு ஆகத்து 18ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பு இந்தியாவில் தெரிந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் இரகுநாதாச்சாரியார் வனபர்த்தியிலிருந்தும் அதனை நோக்கினர். ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி அப்போது புதிய கருவி. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய வண்ணக் கோடுகளை அதில் காட்டும். எடுத்துக்காட்டாக, சோடியம் மஞ்சள் கோடுகளைத் தரும்.

மறைக்கப்பட்ட கதிரவனின் விளிம்பில் எழுந்த தீப்பிழம்புகளை நோக்கிய போக்சன், ஒளிக்கோடுகள் சிலவற்றைக் கண்டார். அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறமானது. அது சோடியத்தின் கோடு உள்ள இடத்திலோ அதற்கு மிக அருகிலோ இருப்பதாக அவர் குறித்தார். அக்கோடு சோடியத்தினுடையது அன்று. அதுவரை எவரும் அறியாத ஈலியம் என்னும் தனிமத்தினுடையது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் இலாக்கியர் அக்கோட்டைத் தாமும் கண்டு, அது சோடியத்தினின்று வேறுபட்டது என்று நிறுவினார். 1895ஆம் ஆண்டு இராம்சே ஈலியத்தைப் புவியிலும் கண்டறிந்தார்.

போக்சனின் அறிக்கை சென்னையில் அச்சானதேயன்றி, உலக அறிஞர் பலரின் கைகளை எட்டவில்லை. ஈலியத்தின் வரலாற்றில் அவர் பெயர் பெரிதும் பேசப்படாமற்போனது. அவர் திருத்தமாகக் கண்டார். கண்டதில் ஐயம் இருந்த இடத்தில் ஐயத்தையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் சேர வேண்டியவர்களிடம் அச்செய்தி உரிய காலத்தில் சேரவில்லை. காண்பதும் எழுதுவதும் போதா. தெரிவிப்பதும் அறிவியலின் இன்றியமையாப் பகுதி என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

எரிமீன் மழையும் ஒரு தந்தியும்

நான்கு ஆண்டுகள் கழித்து, 1872ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மாலையில் ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவை வீழ்ந்தன. அவை அனைத்தும் ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவின் பக்கத்திலிருந்து புறப்படுவன போல் தோன்றின.

இதன் காரணத்தை உணர, பியேலா வால்மீனின் கதையை அறிதல் வேண்டும். 1826ஆம் ஆண்டு பியேலா என்னும் படை அலுவலர் கண்ட அவ்வால்மீன், ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு ஒரு முறை கதிரவனைச் சுற்றிவந்தது. 1846ஆம் ஆண்டு வந்தபோது அது இரண்டாகப் பிளந்திருந்தது. 1852ஆம் ஆண்டு இரு துண்டுகளும் விலகித் தோன்றின. அதன்பின் அது எவர் கண்ணிலும் படவில்லை. சிதைந்த வால்மீனின் துகள்கள் அதன் பாதை நெடுகப் பரவிக் கிடந்தன. அப்பாதையைப் புவி கடந்தபோது, துகள்கள் காற்றுமண்டலத்துள் பெருவேகத்தில் புகுந்து எரிந்தன. அதுவே அன்றைய எரிமீன் மழை.

செருமனியின் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்பியூசு ஒன்றை எண்ணிப் பார்த்தார். துகள்கள் ஆண்ட்ரோமெடாவின் திசையிலிருந்து வந்து புவியைக் கடந்திருந்தால், அவற்றோடு வந்த வால்மீன் இப்போது அதற்கு நேரெதிர்த் திசையில் விலகிச் சென்றுகொண்டிருக்கும். அத்திசை தென்வானில் உள்ள செண்டாரசு குழுவின் தீட்டா விண்மீனுக்கு அருகில் அமைந்தது. கோட்டிங்கனில் அவ்விண்மீன் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும். சென்னையிலோ நன்கு உயர்ந்து தோன்றும். ஆகவே அவர் நவம்பர் 30ஆம் நாள் போக்சனுக்குத் தந்தி அனுப்பினார். பியேலா 27ஆம் நாள் புவியைத் தொட்டுச் சென்றது எனவும், தீட்டா விண்மீனுக்கருகே தேடுமாறும் அதில் தெரிவித்தார். ஐரோப்பாவில் கண்ட எரிமீன்களின் விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு, ஒரு தந்தியின் வழியே சென்னைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு விடியல்கள்

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தந்தி கிடைத்ததும் போக்சன் விடியலுக்கு முன் எழுந்து காத்திருந்தார். மேகமும் மழையும் வானை மறைத்தன. அவர் தளரவில்லை. பதிவேடுகள் டிசம்பர் 2 என்று குறிக்கும் இரவின் இறுதியில் மேகங்கள் சற்றே விலகின. அந்தச் சிறு இடைவெளியில், சொல்லப்பட்ட பகுதிக்கருகே வால்மீன் ஒன்றை அவர் கண்டார். அடுத்த விடியலிலும் அதனைக் கண்டு, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் இடத்தை அளந்தார். வட்ட வடிவம், ஒளிமிக்க நடுக்கரு, மங்கிய சிறு வால் என்று அதன் தோற்றத்தையும் எழுதிவைத்தார்.

வால்மீனின் சுற்றுப்பாதையைக் கணக்கிட, வெவ்வேறு நேரங்களில் அளந்த மூன்று இருப்பிடங்களேனும் வேண்டும். போக்சனிடம் இரண்டு நாள் அளவுகளே இருந்தன. மூன்றாவது வாய்ப்பை மேகங்கள் தரவில்லை. பின்னர் அவ்வால்மீன் எவர்க்கும் அகப்படவுமில்லை. உலகமே வியந்திருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு, ஒரே ஒரு தெளிந்த விடியல் இல்லாமையால் முற்றுப்பெறாது நின்றது. இல்லாத மூன்றாம் அளவை ஊகித்து நிரப்ப அவர் முனையவில்லை. கண்ட இரண்டை மட்டுமே உலகிற்கு அறிவித்தார்.

கண்டது வேறு, கருதியது வேறு

தாம் கண்டது பியேலாவே என்று போக்சன் நம்பினார். தந்தியின் தூண்டுதலால் தேடிய இடத்தில் வால்மீன் ஒன்று கிடைத்தபோது அவ்வாறு நம்பியது இயல்பே. ஆனால் பின்வந்த கணக்கீடுகள், பியேலா அந்நாள்களில் அவ்விடத்தில் இருந்திருக்க இயலாது என்று காட்டின. போக்சன் கண்டது வேறொரு வால்மீன். அது எது என்பது இன்றுவரை விளங்காத புதிர்.

நம்பிக்கை தவறியபோதும் போக்சனின் குறிப்பு பயனற்றுப் போகவில்லை. நேரம், இருப்பிடம், தோற்றம் ஆகியவற்றை அவர் தனியே குறித்திருந்தார். அது பியேலா என்பது அக்குறிப்பின்மேல் அவர் கொண்ட முடிவு மட்டுமே. முடிவை நீக்கிய பின்னும் குறிப்பு நின்றது. உண்மையில், அவருடைய முடிவு தவறு என்று காட்டுவதற்கே அவருடைய அளவுகள் உதவின. தன்னையே மறுக்கும் வாய்ப்பைப் பிறர்க்கு அளிக்குமாறு எழுதுவதே சிறந்த சான்றின் இலக்கணம்.

நிறைவு ஆண்டுகள்

விண்மீன்களின் இருப்பிடங்களை அளக்கும் பணியில் போக்சனும் உதவியாளர்களும் கால் நூற்றாண்டு உழைத்தனர். ஐயாயிரம் அளவிலான விண்மீன்கள் அளக்கப்பட்டன. இப்பணியின் முடிவுகளும் காலந்தாழ்ந்தே அச்சேறின. அவருக்குப்பின் பொறுப்பேற்ற மைக்கி சுமித்து பதிப்புப் பணியை நிறைவு செய்தார். 1880ஆம் ஆண்டு இரகுநாதாச்சாரியார் மறைந்தது போக்சனுக்குப் பேரிழப்பு. 1891ஆம் ஆண்டு சூன் மாதம் போக்சன் சென்னையிலேயே காலமானார். நிலவின் கிண்ணக்குழி ஒன்றும் சிறுகோள் ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன.

நம் வானம், நம் பதிவு

தொலைநோக்கி இல்லாமலும் செய்யத்தக்க வானியல் பணி ஒன்று உண்டென்றால் அது எரிமீன்களைக் கண்டு பதிவு செய்வதே. 1798ஆம் ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிராண்டசு, பென்சன்பெர்க்கு என்னும் மாணவர் இருவர், சில கல் தொலைவில் தனித்தனியே நின்று ஒரே எரிமீன்களை நோக்கினர். இருவரும் கண்ட திசைகளின் வேறுபாட்டைக்கொண்டு, எரிமீன்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்கின்றன என்று கணக்கிட்டனர். இன்றும் ஓர் எரிமீனைச் சாத்தூரில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் கண்டு குறித்தால், அதன் உயரத்தையும் பாதையையும் கணக்கிட முடியும்.

பட்டாசுத் தொழில் நடைபெறும் வட்டாரத்து மாணவர்க்கு இதில் ஒரு நன்மையும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. சிவப்புக்கு இசுட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம் என்று வாண வண்ணங்களின் மூலங்களை அவர்கள் எளிதில் அறிவர். எரிமீனில் உள்ள சோடியமும் அதே மஞ்சளைத்தான் தரும். மசூலிப்பட்டினத்தில் போக்சன் தம் மஞ்சள் கோட்டை ஒப்பிட்டதும் இந்தச் சோடியத்தின் கோட்டோடுதான். இதனை அறிவது நன்மை. வானில் கண்ட ஒளியை வாணம் என்று புறந்தள்ளிவிடுவதோ, வாணத்தை எரிமீன் என்று அறிவித்துவிடுவதோ இடர்ப்பாடு.

இதைத் தவிர்க்கும் வழியைப் போக்சனின் வாழ்க்கை காட்டுகிறது. எரிமீனைக் கண்டேன் என்றோ வாணத்தைக் கண்டேன் என்றோ தொடங்காமல், கண்ட ஒளியின் இயல்பை முதலில் எழுத வேண்டும். தரையிலிருந்து மேலெழுந்ததா, வானின் குறுக்கே ஓடியதா? எத்தனை நொடிகள் நீடித்தது? வெள்ளிக்கு நிகரா, முழுநிலவுக்கு நிகரா? ஒலி கேட்டதாயின் எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டது? வாணம் வெடித்த ஒலி ஓரிரு நொடிகளில் காதை எட்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், பல கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும் தீக்கோளத்தின் ஒலி நம்மை அடைய ஒரு நிமிடத்திற்கும் மேலாகலாம்.

இவ்வறிவு உயிர் காக்கவும் உதவும். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இரசியாவின் செலியாபின்சுக்கு வட்டாரத்தின் மேல் பெரும் தீக்கோளம் ஒன்று வெடித்தது. ஒளியைக் கண்டு வியந்த பலர் சன்னலருகே சென்றனர். சற்றுக் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மருத்துவ உதவி நாடினர். கண்ணாடிச் சில்லுகளால் காயமுற்றோர் அவருள் மிகுதி. பேரொளியைக் கண்டால் சன்னலை விட்டு விலகி நிற்பதே அறிவுடைமை.

பன்னாட்டு எரிமீன் அமைப்பு, தீக்கோளங்களைக் கண்ட பொதுமக்களின் குறிப்புகளை ஏற்றுத் தொகுக்கிறது. அக்குறிப்பை அனுப்பப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. கண்ட இடம், நேரம், தொடங்கிய திசை, முடிந்த திசை, தொடுவானத்திலிருந்து உயரம், ஒளி, நிறம், நீடித்த நேரம் ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதுதல் வேண்டும். நினைவில் இல்லாததை வெற்றிடமாக விட்டுவிடுதல் வேண்டும். மூன்றாம் விடியலின் அளவு கிடைக்காதபோது போக்சன் செய்ததும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. கூடலூர் கிழாரின் எரிமீன் குறிப்பையும் போக்சனின் வால்மீன் குறிப்பையும் ஒப்பிட்டு, இரண்டிலும் கண்டவை எவை, கருதியவை எவை எனப் பட்டியலிடுக.

2. கை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. இதைக்கொண்டு உங்கள் பள்ளி வளாகத்திலிருந்து தெரியும் மரம், கோபுரம், மலை ஆகியவற்றின் உயரத்தைப் பாகையில் அளந்து எழுதுக.

3. ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாளை ஒட்டி மிதுன விண்மீன் குழுவின் பக்கமிருந்து எரிமீன்கள் தோன்றும். பெரியோர் துணையுடன் ஒரு மணி நேரம் வானை நோக்கி, கண்ட எரிமீன்களின் எண்ணிக்கை, நேரம், திசை, ஒளித்தரம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

4. உரிய காலத்தில் வெளியிடப்படாத உண்மை பயன் குன்றும் என்னும் கருத்தைப் போக்சனின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.